பீலிக்கும் கீழே
(ஊவா மண்ணின் கதை - 9)

சென்னைக்குப் போயிருந்தபோது மாமா மகன் என்னை மெட்ரோவில் கூட்டிக்கொண்டு போனார். 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன குடும்பம் அது. சென்ட்ரலில் நகரும் படியில் நின்றபடி கீழே கீழே இறங்கிக்கொண்டே இருந்தோம். வெயில் போய், சத்தம் போய், குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் அவர் திரும்பிப் பார்த்து, "நம்ம பதுளைப் பக்கம் இதெல்லாம் எப்ப மச்சான் வரப்போகுது?" என்று கேட்டார்.

"தோண்டுற மெஷின் எப்பவோ வந்துட்டுப் போயிருச்சு. ரயில்தான் வரல" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். இலங்கையில் மெட்ரோ கிடையாது. கொழும்பில் ஜப்பான் கடனில் வரவிருந்த இலகு ரயில்கூட 2020 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. ஆனால் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் அடியில் வட்ட வட்டமாகக் குடைந்துகொண்டு போகும் இயந்திரத்தின் பாறை வெட்டும் உறவுக்காரன் ஒன்று, பண்டாரவளைக் குன்றுகளுக்கு அடியில் பதினைந்து கிலோமீற்றர் ஊர்ந்து போயிருக்கிறது. அது போட்ட பாதையில் ஆள் போவதில்லை, தண்ணீர் போகிறது. உமா ஓயாத் திட்டம் என்பது அதன் பெயர்.

போன வாரம் ரயில் சுரங்கங்களைப் பற்றி எழுதினேன். அந்தச் சுரங்கங்களை நம் ஆட்கள் வெட்டினார்கள், பதுளைக்கு முதல் ரயில் 1924இல் வந்தது என்பதோடு நிறுத்தியிருந்தேன். தெமோதரையில் ரயில் நிலையத்தைத் தாண்டி, மலையைச் சுற்றி இறங்கி, தான் சற்று முன் நின்ற அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறதல்லவா, அந்த இடத்தில் யன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்த பிள்ளைகளுக்குத் தெரியும்: சுவரிலிருந்து தண்ணீர் சொட்டும். மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தாலும் சொட்டும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வெட்டிய கானில் அது ஓடி வெளியே போய்விடும். மலையின் தோலை ஒட்டி வெட்டிய சுரங்கம் என்பதால் தோலில் ஊறும் தண்ணீர்தான் அதில் வரும். அதனால் யாருடைய கிணறும் கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. உமா ஓயாச் சுரங்கம் தோலோடு நிற்கவில்லை, மலையின் வயிற்றுக்குள் போனது.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெலிமடைப் பக்கம் ஓடும் உமா ஓயா இயல்பில் மகாவலியில் போய்ச் சேரும் ஆறு. அதன் நீரில் ஆண்டுக்கு 145 மில்லியன் கனமீற்றரை மறித்து, மலையைக் குடைந்து, தெற்கே காய்ந்து கிடக்கும் வெல்லவாய, மொனராகலை, அம்பாந்தோட்டைப் பக்கம் கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்புவது ஒரு நோக்கம். போகிற வழியில் 120 மெகாவாட் மின்சாரம் எடுப்பது இன்னொன்று. புகுல்பொலையில் ஓர் அணை, டயரபாவில் ஓர் அணை. இரண்டையும் இணைக்க ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் சுரங்கம். டயரபாவிலிருந்து பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் நீளும் தலைச்சுரங்கம். அது முடியும் இடத்தில் அறுநூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் ஒரு குழி. அதன் அடியில், பாறைக்குள்ளேயே மின் நிலையம். பதுளை மாவட்டத்தில் மழையாகப் பெய்த தண்ணீர் மொனராகலை வயலில் வெளியே வருகிறது. பொறியியல் என்ற கண்ணோடு பார்த்தால் பெரிய வேலை. காய்ந்த ஊருக்குத் தண்ணீர் போவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். தண்ணீருக்குக் காத்து நிற்பதன் கஷ்டம் தெரிந்து வளர்ந்தவன் நான்.

2008 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி அஹ்மதிநெஜாத் இங்கே வந்தபோது தொடக்க விழா நடந்தது. ஈரானின் ஃபராப் நிறுவனம் ஒப்பந்தக்காரர். செலவு ஐம்பது கோடி டொலருக்கும் அதிகம். பெரும் பகுதியைக் கடனாகத் தருவதாக இருந்த ஈரான், பொருளாதாரத் தடைகளால் ஐந்து கோடி டொலரோடு நின்றுவிட, மீதியை இலங்கை அரசே போட்டது. சூழல் தாக்க அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது 2011இல். விழா எடுத்தது 2008, மலையைப் பற்றிய அறிக்கை முடிவானது 2011. இந்த வரிசையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த இயந்திரத்துக்கு வருகிறேன். சென்னையிலும் கொல்கத்தாவிலும் இருபது, முப்பது மீற்றர் ஆழத்தில் மண்ணையும் மணலையும் குடைகிறார்கள். அங்கே இயந்திரத்தின் முகத்துக்குப் பின்னால் ஓர் அறை இருக்கும். வெட்டிய மண்ணையே அந்த அறையில் நிறைத்து, எதிரே இருக்கும் மண்ணும் நீரும் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு அழுத்தத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே போவார்கள். கதவைத் தள்ளுகிறவனுக்கு எதிராக உள்ளேயிருந்து தோள் கொடுப்பது மாதிரி. தோள் விலகினால் எல்லாம் உள்ளே வரும்.

கடும்பாறைக்கு இறக்கும் இயந்திரம் வேறு வகை. அது பாறையைப் பற்றிப் பிடித்து, முன்னால் உள்ள உருளை வெட்டிகளால் நசுக்கிக்கொண்டு போகும். பின்னாலேயே கொங்கிறீற் வளையங்கள் மாட்டப்படும். பாறை தானே தாங்கும் என்ற நம்பிக்கையில் அந்த முகத்தில் எதிர் அழுத்தம் வைப்பதில்லை. பாறை இறுகியதாக இருக்கும்வரை இது நல்ல முறை. ஆனால் ஊவாப் பாறை ஒரே கட்டியாக இல்லை. பல கோடி ஆண்டுகள் நசுங்கி, மடிந்து, வெடித்த பாறை. இடையிடையே நீரில் கரையக்கூடிய பளிங்குப் படிவுகள். எல்லவிலும் வெலிமடையிலும் உள்ள குகைகளுக்கு இராவணன் சீதையை ஒளித்த கதையைச் சேர்த்துச் சொல்கிறோமே, உள்ளே வெற்றிடங்கள் உள்ள மலை இது என்பதை நம் பாட்டிமார் அந்தக் கதையில்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வெடிப்புகளில் தண்ணீர் நிற்கிறது. பத்து மீற்றர் உயர நீர் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்தும். முந்நூறு மீற்றர் உயர நீர் முப்பது கிலோ. இந்தக் கணக்குக்கு நிபுணர் தேவையில்லை.

அதனால்தான் அனுபவப்பட்ட நாடுகளில், இயந்திரம் போவதற்கு முன்னால் நீளமான துளை போட்டுப் பார்ப்பார்கள். தண்ணீர் வந்தால் சீமெந்துக் குழம்பை அழுத்தத்தோடு செலுத்தி வெடிப்புகளை அடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு நகர்வார்கள். நேரம் பிடிக்கும், செலவு ஏறும். அந்தப் பாடத்தை அவர்களும் பட்டுத்தான் படித்தார்கள். நோர்வேயில் ஒஸ்லோவுக்குக் கிழக்கே ரொமெரிக் ரயில் சுரங்கத்தை வெட்டியபோது, 1990களின் நடுவில், மேலே காட்டில் இருந்த குளங்களின் நீர் கீழே வடிந்தது. வீடுகள் அமிழ்ந்தன. நீர்க்கசிவை அடைக்கப் பயன்படுத்திய இரசாயனமே நிலத்தடி நீரில் கலந்து இன்னொரு பிரச்சினையானது. சுரங்கக் கலையில் உலகத்துக்கே பாடம் சொல்கிற நாட்டில் நடந்தது இது.

பண்டாரவளையில் 2014 டிசம்பர் கடைசியில் தலைச்சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டது. நொடிக்குப் பல நூறு லீற்றர். வெறும் நூறு லீற்றர் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லீற்றர் குடத்தில் நொடிக்குப் பத்துக் குடம். ஒரு நாளைக்கு எட்டு இலட்சத்து அறுபத்து நாலாயிரம் குடம். அது ஆற்றுத் தண்ணீர் அல்ல. ஆற்றுத் தண்ணீர் அந்தச் சுரங்கத்துக்குள் வருவதற்கு இன்னும் பல வருடம் இருந்தது. மலை தன் வயிற்றுக்குள் சேர்த்து வைத்திருந்த தண்ணீர்.

மேலே கிணறுகள் வற்றின. ஹீல்ஓயா, மகுல்எல்ல, உடபேருவ என்று அதுவரை கொழும்புக்காரர்கள் கேள்விப்பட்டிராத கிராமப் பெயர்கள் பத்திரிகைகளில் வந்தன. பிறகு சுவர்கள் வெடித்தன. தண்ணீர் போனால் கிணறு வற்றும், சரி, வீடு ஏன் வெடிக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நம் தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்குவது லேசு. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டத் தொட்டியில் பரப்பும்போது எவ்வளவு உயரம் இருக்கும்? விடிந்து பார்த்தால் எவ்வளவு இருக்கும்? ஒரு இலையைக்கூட யாரும் எடுக்கவில்லை. ஈரம் மட்டும்தான் போயிருக்கிறது, குவியல் அமிழ்ந்து கிடக்கிறது. பாறைக்கு மேலே கிடக்கும் மண்ணும் அப்படித்தான். மண் மணிகளுக்கு இடையில் நிற்கும் தண்ணீரும் சேர்ந்துதான் வீட்டைத் தாங்குகிறது. அது கீழே வடிந்தால் மண் இறுகி இறங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறங்கினால்கூடத் தப்பலாம். ஒரு மூலை ஒரு அங்குலமும் மறு மூலை இரண்டு அங்குலமும் இறங்கினால் எந்தச் சுவர் நிற்கும்?

2017 ஏப்ரலில் மீண்டும் பெரிய நீர்ப்பெருக்கு. அந்த ஜூன் 28ஆம் திகதி பண்டாரவளை நகரம் கடைகளை மூடிக்கொண்டு வீதிக்கு வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் நின்றார்கள். பிக்குமார் முன்னால் நின்றார்கள். பாதிக்கப்பட்ட வீடுகள் ஏழாயிரத்துக்கும் மேல் என்று அந்த ஆண்டு செய்திகள் சொல்லின. தண்ணீர்த் தாங்கிகள் வைத்தார்கள், பவுசர் வந்தது, இழப்பீடு கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. கசிவுகள் அடைக்கப்பட்டு வேலை தொடர்ந்தது. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி நேரில் வந்து திட்டத்தைத் திறந்து வைத்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஹெலிகொப்டர் விபத்தில் அவர் இறந்துபோனார்.

ஈரானுக்கும் நமக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. பழைய எண்ணெய்க் கடன் 25 கோடி டொலரைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பது என்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம் ஆனது. எண்ணெய் எரித்தது யாரோ. கடனை அடைப்பது கூடையில் விழும் கொழுந்து.

கொல்கத்தாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பண்டாரவளையின் கதையை ஒரு பெருநகரத்தின் நடுவில் வைத்துப் பார்த்தது போல இருக்கும் அது. ஹூக்லி ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோவுக்காக 2019 ஆகஸ்டில் பௌபஜார் பகுதிக்குக் கீழே குடைந்துகொண்டிருந்த இயந்திரம் நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்றில் முட்டியது. ஆற்றைப் பத்திரமாகக் கடந்த வேலை, வீடுகளுக்கு அடியில் வந்து தடுமாறியது. தண்ணீரும் சேறும் உள்ளே வந்தன. பொற்கொல்லர்கள் பரம்பரையாக வேலை செய்யும் குறுகிய சந்துகளில் பழைய வீடுகள் வெடித்தன, சில இடிந்தே விழுந்தன. உடுத்த துணியோடு சனம் வெளியேறியது. 2022இல் அதே பகுதியில் மறுபடியும் வெடிப்புகள். அந்தப் பாதை முழுவதும் ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்டில்தான்.

ஆனால் மெட்ரோ தோண்டும் நகரங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. தோண்டுவதற்கு முன்பே பாதைக்கு மேலுள்ள கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இருக்கிற வெடிப்பையெல்லாம் படம் பிடித்து, அளந்து எழுதி வைப்பார்கள். சுவரில் அளவுக் குறிகள் ஒட்டுவார்கள். துளை போட்டு நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்படிச் செய்தும் பௌபஜார் நடந்தது. என்றாலும் நடந்தபிறகு "உன் வீடு முன்பே இப்படித்தானே இருந்தது" என்று ஒருவரைப் பார்த்து எளிதில் சொல்லிவிட முடியாது. முன்பு எப்படி இருந்தது என்பதற்குத் தாள் இருக்கிறது.

இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருப்பது இந்தத் தாள்தான். கிணற்றுக்குச் சொந்தக்காரர் உண்டு. காணிக்கு உறுதி உண்டு, கிணறு அந்தக் காணிக்குள் இருக்கிறது. வற்றினால் போய் முறையிட ஒரு முகவரி இருக்கிறது. பீலி யாருடையது? லயத்துக்கு மேலே பாறை இடுக்கில் ஊறி, மூங்கிலிலோ குழாயிலோ வழிந்து, இருபது முப்பது குடும்பம் குடித்துக் குளித்து வாழும் தண்ணீர். லயம் தோட்டத்துடையது. தோட்டம் எழுபதுகளில் அரசுடைமையானது, 1992க்குப் பிறகு கம்பனிகளின் கையில். அதில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் ஏழு பேர்ச் காணிக்கும் ஓர் உறுதிப் பத்திரத்துக்கும் இன்னும் காத்திருக்கிறார்கள். வீடே அவர்கள் பெயரில் இல்லாதபோது ஊற்று யார் பெயரில் இருக்கும்? நாளைக்கு இன்னொரு சுரங்கம் வருகிறது, ஒரு தோட்டத்தின் பீலி நின்றுபோகிறது என்றால், இழப்பீட்டுப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் அதை எழுதுவது?

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். பண்டாரவளைச் சுரங்கத்தில் தண்ணீர் உடைப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது மழையால் வந்த சரிவு, சுரங்கத்தோடு தொடர்பில்லாதது. அங்கே ஆபத்து இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலேயே சொல்லியிருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது, சனம் லயத்திலேயே இருந்தது. மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்குக்கூடப் பல நாள் ஆடிக்கொண்டே இருந்தது. முந்நூறு என்றார்கள், நூறு என்றார்கள், பிறகு இன்னும் குறைத்தார்கள். உயிரோடு இருக்கும்போதே சரியாக எண்ணப்படாத சனத்தை, செத்தபிறகு எப்படி எண்ணுவது?

எங்கள் வீட்டில் எண்ணத் தெரிந்தவர் அம்மா. விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன் தண்ணீர் எடுத்து முடிக்க வேண்டும். பீலிக்கரையில் வரிசை. முன்னால் நிற்பவரின் குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்துத்தான், நின்று எடுப்பதா, வேலை விட்டு வந்து எடுப்பதா என்று முடிவு செய்வார். மணிக்கூடு கிடையாது. "எண்ணுடா" என்பார். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். மாசி மாதத்தில் அறுபது தாண்டும். ஐப்பசியில் பத்துக்குள் வழிந்து காலில் தெறிக்கும். எண்ணிக்கை எண்பதுக்குப் போன ஒரு வருடம் அம்மா ஒன்றும் பேசாமல் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு ஊற்று வரும் பாறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அந்த மலையின் நீர்மட்டத்தை யாராவது அளந்தார்கள் என்றால் அவர்தான் அளந்தார். எழுதி வைக்க அவருக்கு எழுத்துத் தெரியாது.

நமக்குத் தெரியும். தோட்டத்துக்குத் தோட்டம் வாத்தியார்மார் இருக்கிறார்கள், ஓ.எல். முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், கையில் ஃபோன் இருக்கிறது. ஊற்று எங்கே இருக்கிறது, எத்தனை குடும்பம் குடிக்கிறது, எந்தத் திகதியில் எத்தனை நொடியில் பத்து லீற்றர் வாளி நிறைந்தது, அதற்கு முந்திய வாரம் மழை பெய்ததா. ஒரு கொப்பியில் மாதத்துக்கு ஒரு வரி போதும். லயத்துச் சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் மேல் சீமெந்தை விரலால் அப்பித் திகதியைக் கீறி வைத்தால், வெடிப்பு வளர்கிறதா என்று அந்த அப்பலே காட்டிக்கொடுக்கும். பிரதேச செயலகம் இதைத் தானாகச் செய்தால் நல்லது, செய்யச் சொல்லி எழுதவும் வேண்டும். அதுவரை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கையெழுத்தில் இருந்தாலும் அது பதிவுதான்.

போன ஞாயிறு எங்கள் பழைய பீலிக்கரைக்குப் போனேன். மூங்கில் போய் நீலக் குழாய் வந்திருக்கிறது. குந்திக் குளிக்கிற கல் அதே கல். தண்ணீர் எடுக்க வந்திருந்த ஒரு அக்கா, "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டார். யாரையும் இல்லை, தண்ணி எப்படி வருதுன்னு பார்க்க வந்தேன் என்றேன். கையிலிருந்த வாளியை நீட்டி, "இந்தாங்க, பிடிச்சே பாருங்க" என்றார். பத்து லீற்றர் வாளி. காலை 6.20. முந்திய நான்கு நாளும் மழை இல்லை. 34 நொடி. கொப்பியின் முதல் வரி அது.

(அடுத்த வாரம்: நமுனுகுலையில் ஊறும் ஆறுகள்)